கட்டுப்பாடு என்னும் ஆட்டம்

'கட்டுப்பாடு' என்ற சொல்லுக்கு ஒழுக்கம், அடக்கம் என்று பள்ளிக்கூடத்தில் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். சேத்தியாத்தோப்பைச் சுற்றி, வெள்ளாற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இருக்கிற சேரிகளில் அறுபது வயது தாண்டிய பொம்பளைகளிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். வேறு பொருள் சொல்வார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்றால் நாளை முதல் வேலை கிடையாது. மளிகைக் கடையில் சாமான் கிடையாது. ஊர்த் தெரு வழியாக நடக்கக் கூடாது. ஊரார் வரப்பில் கால் வைக்கக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது. காலையில் ஒதுங்கப் போகிற இடமும் ஊரார் நிலம்தான் என்பதால் அதுவும் கிடையாது. இந்தக் கடைசித் தண்டனை யாருக்கு என்பதைப் பொம்பளைகள்தான் சொல்ல முடியும். கட்டுப்பாடு பற்றி எழுதியிருக்கிற ஆம்பளைகள் அதை எழுதுவதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டின் வரலாற்றை ஒரு கணக்கின் வழியாகச் சொல்லிப் பார்க்கிறேன். 1944இல் ஜான் வான் நாய்மன் என்ற கணித அறிஞரும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்ற பொருளாதார அறிஞரும் சேர்ந்து அமெரிக்காவில் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார்கள். நான் எடுக்கிற முடிவால் எனக்கு என்ன கிடைக்கும் என்பது எதிரில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது. இப்படிப்பட்ட எல்லா இடங்களையும் சீட்டாட்டம் போல எழுதிக் கணக்குப் போடலாம் என்பது அதன் சாரம். ஆட்டக் கோட்பாடு, கேம் தியரி என்று பெயர். யுத்தத்துக்கும் வியாபாரத்துக்கும் பயன்பட்ட இந்தக் கணக்கைப் பிறகு அறவியல் பேராசிரியர்களும் கையில் எடுத்தார்கள். நியாயம் என்றால் என்ன? கடவுளும் சாத்திரமும் வேண்டாம், விவரம் தெரிந்த இரண்டு பேர் பேரம் பேசி எந்த இடத்தில் வந்து நிற்பார்களோ அந்த இடத்துக்குப் பெயர்தான் நியாயம் என்று அவர்களில் ஒரு பிரிவு சொன்னது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாத்திரத்தை விட்டொழித்த நியாயம் நமக்கும் வேண்டியதுதான். ஆனால் பேரம் முறிந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியில்தான் சேரி இருக்கிறது.

ஜான் நாஷ் 1950இல் பேரத்துக்கு ஒரு கணக்குச் சொன்னார். அதை எங்கள் பக்கத்து அளவையில் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆண்டை, ஒரு ஆள். இரண்டு பேரும் ஒத்துப்போனால் பங்கு பிரிக்க நூறு மரக்கால் நெல் இருக்கிறது. பேச்சு முறிந்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை என்றால் ஆளுக்கு ஐம்பது. சரி. ஆனால் பேச்சு முறிந்தால் ஆண்டை வெளியூர் ஆளைக் கொண்டுவந்து செலவு போக அறுபது மரக்கால் எடுத்துவிடுவான், ஆளுக்கு ஒன்றும் இருக்காது என்று வையுங்கள். மிச்சம் நாற்பதைத்தான் இருவரும் சமமாகப் பிரிப்பார்கள். ஆண்டைக்கு எண்பது, ஆளுக்கு இருபது. இப்போது ஆண்டை ஊரைக் கூட்டி, 'வேலைக்கு வராதவனுக்குக் கடையும் இல்லை, வழியும் இல்லை' என்று சொல்கிறான். பேச்சு முறிந்தால் ஆள் வெறுங்கையோடு நிற்பது மட்டுமில்லை, இருக்கிற ஆட்டையும் அண்டாவையும் விற்று இருபது மரக்கால் நட்டப்படுவான். மறுபடி கணக்குப் போட்டால் ஆண்டைக்குத் தொண்ணூறு, ஆளுக்குப் பத்து.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாடு ஒரு நாள்கூட நடக்கவில்லை. 'போடுவேன்' என்று சொன்னதற்கே பத்து மரக்கால் ஆண்டை பக்கம் போய்விட்டது. தென்னாற்காட்டுச் சேரிகளில் வருஷத்தில் ஒரு நாள்கூடக் கட்டுப்பாடு நடக்காத ஊர்களிலும் கட்டுப்பாடு இருந்தது என்று நான் சொல்வதன் அர்த்தம் இதுதான். நாஷ் இதை நியாயம் என்று சொன்னாரா என்றால், பேரம் எங்கே போய் முடியும் என்றுதான் சொன்னார். அதை நியாயத்தின் அளவுகோலாக ஆக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

எங்கள் கிழவர்களுக்கு இந்தக் கணக்கு நாஷ் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. யாரால் எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்பதுதான் பேரம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆண்டைக்கும் காத்திருக்க முடியாத நாட்கள் உண்டு. ஐப்பசியில் தண்ணீர் வந்து நாற்று முற்றிக்கொண்டு நிற்கும்போது அவனால் பத்து நாள்கூடப் பொறுக்க முடியாது. தையில் கதிர் பழுத்துச் சாயும்போதும் அப்படித்தான். கூலி நெல் கூட்டிக் கேட்பதென்றால் அப்போதுதான் கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும். ஆண்டைக்கு ஆள் தேவையில்லை, சேரியில் குதிர் காலி. ஊர் கட்டுப்பாடு போடுவது அந்த மாதங்களில்தான். எழுதப்படாத இந்தக் காலண்டர் இரண்டு தரப்புக்கும் மனப்பாடம்.

ஆனால் எங்கள் சனங்கள் இந்தக் காலண்டருக்கு எதிராகப் போன ஒரு சங்கதி உண்டு. அது பறை.

*

பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம், சாவுச் செய்தி சொல்லப் போக மாட்டோம் என்ற மறுப்பு இந்தப் பகுதியில் எல். இளையபெருமாள் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. காட்டுமன்னார்கோயில்காரர். 1952இல் முதல் மக்களவைக்குப் போனவர். 1965இல் இந்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்கு அவர்தான் தலைவர். 1969இல் வந்த அதன் அறிக்கையை இளையபெருமாள் குழு அறிக்கை என்றே நாடு முழுக்கச் சொல்கிறார்கள். பரம்பரை அர்ச்சகர் முறை பற்றி அந்த அறிக்கை சொன்னதும், அதை ஒட்டித் தமிழக அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தமும், 1972இல் உச்சநீதிமன்றத்தின் சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பும் எல்லாருக்கும் தெரியும். அந்த மனிதர் எந்த மண்ணிலிருந்து அங்கே போனார் என்பதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. பறை மறுத்த சேரிகளின் மேல் கட்டுப்பாடு விழுந்த மண் அது. 'சித்திரை நெருப்பு' என்று தன் வரலாற்றுக்குப் பெயர் வைத்தார்.

எங்கள் சேரிக்கு அது பிந்தித்தான் வந்தது. எழுபதுகளின் பின்பாதி, எனக்குப் பத்து வயசு இருக்கும். ஊர் பெயர் வேண்டாம், எங்க சனங்க இன்னும் அங்கே இருக்கிறார்கள். சித்திரையில் ஊரில் ஒரு பெரிய சாவு. சேரிக்கு ஆள் வந்தது, பறை எடுத்துக்கிட்டு நாலு பேரு வாங்க, கேதம் சொல்ல ரெண்டு பேரு போங்க என்று. அந்தச் சமயத்தில் சேரியில் பத்தாவது முடித்த பையன்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியில் படித்தவர்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கிய பள்ளி. 'வர்றதில்ல' என்று சொல்லிவிட்டார்கள். பெரியவர்கள் அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் பையன்களை மறுத்துப் பேசவில்லை.

கேள்வி வந்த மாதத்தைப் பாருங்கள். சித்திரை. கணக்குப் பார்த்தால் மறுக்கவே கூடாத மாதம். எங்கள் தாத்தா இதைப் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். 'கணக்குப் பாத்தா தூக்கிக்கிட்டுத்தாண்டா போயிருக்கணும். சாவு என்னா ஐப்பசி வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்?'

அன்றைக்கு ராத்திரியே ஊர் கூடியது. சேரிக்கு வேலை கொடுத்தால், சாமான் கொடுத்தால், பேச்சு வைத்துக்கொண்டால் ஐந்நூறு ரூபாய் தண்டம். நாற்பது நாளுக்கு மேல் இழுத்தது. ஆம்பளைகள் ராத்திரியில் வயல் சுற்றி நடந்துபோய் நெய்வேலிப் பக்கம் கூலிக்கு நின்றார்கள். பொம்பளைகள் ஆற்றுப் படுகையில் நண்டு, நத்தை, கீரை என்று கிடைத்ததைக் கொண்டுவந்தார்கள். இரண்டு பசுமாடு கன்றோடு வித்துப் போனது. மளிகைக்கடைக்காரர் எங்க ஆயாவிடம் ஒரு நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் சொன்னாராம்: 'ஏ கெழவி, எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. குடுத்தா எனக்குத் தண்டம் போடுவானுவ. நான் என்னா பண்ணட்டும்?' ஆயாவைவிட அவர் இருபது வயசு சின்னவர். கோவமில்லாதபோதும் 'ஏ கெழவி'தான்.

இந்தக் கடைக்காரரைப் பற்றித்தான் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1976இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் 1967-68இல் டெல்லியில் ஓராண்டு இருந்தவர். 2001இல் நோபல் வாங்கினார். அவர் கேட்ட கேள்வி: சாதி விதியை மீறினால் ஒருவனுக்கு லாபம்தான், குறைந்த கூலிக்கு நல்ல வேலையாள் கிடைப்பான், கூடுதல் வாடிக்கை கிடைக்கும், ஆனாலும் ஏன் மீறுவதில்லை? மீறினவனை மற்றவர்கள் ஒதுக்குவார்கள். அவனை ஒதுக்காதவனையும் ஒதுக்குவார்கள். இந்த இரண்டாவது விதிதான் பூட்டு. ஊரில் ஒருவனுக்குக்கூட சாதி பிடிக்காவிட்டாலும், ஒவ்வொருவனும் அடுத்தவனுக்குப் பயந்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருப்பான். கணிசமான கூட்டம் ஒன்று சேர்ந்து ஒரே நேரத்தில் மீறினால்தான் உடையும்.

படித்தபோது ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் எரிச்சல். அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்த சாதிகள் பற்றிய கட்டுரையிலேயே, விதி மீறியவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் சாதியின் இயக்கம் என்று காட்டிவிட்டார். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், சாதியிலிருந்து தள்ளி வைப்பதற்கும் மரண தண்டனைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால்தான் தனி ஒரு சீர்திருத்தக்காரன் துணிவதில்லை என்று விளக்கினார். அகர்லாஃபின் அட்டவணைக்கு நாற்பது வருஷம் முந்தி. இதைச் சொல்வது பெருமைக்காக இல்லை. ஒரு கோட்பாட்டின் வரலாற்றை எங்கே தொடங்குவது என்பதும் அதிகாரம்தான்.

கடைக்காரருக்கு வருகிறேன். அகர்லாஃபின் கணக்கு அவரை நமக்குப் புரியவைக்கிறது. அதோடு அவர் குற்றமற்றவர் ஆகிவிடுகிறாரா? அதே நாற்பது நாளில் எங்க ஆயாவின் பித்தளை அண்டாவைப் பாதி விலைக்கு ராத்திரியில் வந்து வாங்கிக்கொண்டு போனதும் அவர்தான். கட்டுப்பாடு எங்களுக்கு விற்கக்கூடாது என்று சொன்னது. எங்களிடம் வாங்குகிறவனுக்குத் தண்டம் என்று யாரும் சொல்லவில்லை. பயம் உண்மை, லாபமும் உண்மை. பயத்தை மட்டும் கணக்கில் எழுதி லாபத்தை எழுதாமல் விட்டால், ஊர் முழுவதும் பாவப்பட்ட மனிதர்களாகத்தான் தெரியும்.

சேரிக்குள்ளேயும் ஒரு ஆட்டம் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கப்படும் இரண்டு கைதிகளின் கதை கேம் தியரியில் பிரபலம். இருவரும் வாயைத் திறக்காவிட்டால் இருவருக்கும் நல்லது. ஆனால் அடுத்தவன் என்ன செய்தாலும் காட்டிக் கொடுப்பதுதான் தனக்கு லாபம் என்பதால் இருவரும் காட்டிக் கொடுத்து இருவரும் மாட்டுவார்கள். எங்கள் சேரியிலும் ஒருவர் ராத்திரியில் ஆண்டை வீட்டுக் களத்துக்கு வேலைக்குப் போனார். சம்பளம் இரட்டிப்பு. அவர் பெண்சாதி அப்போது நிறைமாதம். சேரிப் பஞ்சாயத்து அவருக்கும் தண்டம் போட்டது. ஊர் செய்ததையே நாமும் செய்தோம். பிறகு ஒரு பெரியம்மா எழுந்து, 'தண்டம் போட்டா அவன் புள்ளைக்குக் கஞ்சி நீயா ஊத்தப்போற?' என்று கேட்ட பிறகுதான் தண்டத்தை விட்டுவிட்டு எல்லா வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி மாரியம்மன் கோயில் முன்னால் பொதுவில் கஞ்சி காய்ச்சினார்கள். அதற்கப்புறம் யாரும் ராத்திரியில் போகவில்லை. கைதிகளின் கதையை எழுதியவர்கள் அறைக்குள் பொதுக் கஞ்சிப் பானை ஒன்று இருக்கலாம் என்று யோசிக்கவில்லை. பானை வந்ததும் அட்டவணையில் இருந்த எண்களே மாறிவிட்டன.

கடைசியில் ஒரு அதிகாரி வந்து சமாதானக் கூட்டம் போட்டார். பறை இனி கட்டாயமில்லை என்று ஆனது. அன்றோடு எங்கள் சேரியில் பறை போயிற்று. ஆனால் அடுத்த நடவுக்கு அந்த மூன்று பையன்களின் வீட்டிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, அதற்கடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. சமாதானப் பேச்சில் அது வரவில்லை.

*

1954இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் பிரெய்த்வெய்ட் என்ற அறவியல் பேராசிரியர், ஆட்டக் கோட்பாடு அறவியலாளனுக்கு ஒரு கருவி என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவர் சொன்ன உதாரணம் இரண்டு வாத்தியக்காரர்கள். பக்கத்துப் பக்கத்து அறை, மெல்லிய சுவர். லூக் பியானோ வாசிப்பவர், மேத்யூ டிரம்பெட் ஊதுபவர். இருவருக்கும் சாயங்காலம் ஒரே நேரம்தான் ஓய்வு. ஆளுக்கு எத்தனை நாள் வாசிப்பது? பிரெய்த்வெய்ட் கணக்குப் போட்டு, நாற்பத்து மூன்று நாளில் டிரம்பெட்காரருக்கு 26, பியானோக்காரருக்கு 17 என்று தீர்ப்புச் சொன்னார். ஏன் டிரம்பெட்டுக்குக் கூடுதல்? இருவரும் ஒரே நேரத்தில் வாசித்துக் காது கிழிந்தாலும், யாரும் வாசிக்காமல் இருப்பதைவிட அது மேல் என்று நினைப்பவர் அவர். பியானோக்காரருக்கு அந்த இரைச்சல் தாங்காது. பேச்சு முறிந்தால் யாருக்குக் குறைவாக வலிக்குமோ அவருக்குக் கூடுதல் பங்கு.

ஜான் ரால்ஸ் இதை விடவில்லை. மிரட்டும் வசதி யாருக்கு இருக்கிறதோ அவனுக்குத் தக்கபடி பங்கு என்பது நியாயத்தின் இலக்கணமே ஆகாது என்று 1958இல் எழுதினார், 1971இல் வந்த தன் பெரிய நூலிலும் அதே வாதத்தை வைத்தார். அவர் சொன்ன மாற்று: தான் எந்த இடத்தில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து விதிகளை எழுத வேண்டும். ஊரில் பிறப்போமா சேரியில் பிறப்போமா தெரியாது என்றால் யாரும் கட்டுப்பாடு என்ற விதியை எழுத மாட்டார்கள். வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறக்கும் முன்பே எந்தத் தெரு என்று எல்லாருக்கும் தெரியும். திரையை யார் கட்டுவது?

பிரெய்த்வெய்ட்டின் கதையைப் படித்தபோது பறை நினைவு வந்தது. அங்கே ஒருவன் தன் வாத்தியத்தை வாசிப்பேன் என்று மிரட்டி அதிக நாள் வாங்கிக்கொள்கிறான். இங்கே எங்களவர்கள் வாசிக்க மாட்டோம் என்று சொல்லித்தான் மிரட்ட முடிந்தது. அதற்கும் விலை நாற்பது நாள் பட்டினி.

இன்னும் பின்னால் போனால் டேவிட் ஹியூம் இருக்கிறார். ஒரே படகில் இரண்டு பேர் எந்தச் சத்தியமும் செய்துகொள்ளாமல் ஆளுக்கொரு துடுப்பு போடுவதைக் காட்டி, நியாயமும் இப்படித்தான் பரஸ்பர வசதியால் வளர்ந்தது என்று சொன்னவர். ஆட்டக் கோட்பாட்டுக்காரர்கள் அவரைத் தங்கள் மூதாதை என்று கொண்டாடுகிறார்கள். அதே ஹியூம் 1751இல் இன்னொன்றும் எழுதினார். மனிதர்களோடு கலந்து வாழ்கிற, அறிவுள்ள, ஆனால் எதிர்ப்புக் காட்டவே திராணியில்லாத உயிரினம் ஒன்று இருந்தால், அவற்றிடம் நாம் இரக்கத்தோடு நடந்துகொள்ள வேண்டும், ஆனால் நியாயத்தால் கட்டுப்பட வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. ஐரோப்பியர் அமெரிக்கப் பூர்வகுடிகளை நடத்திய விதத்தையும் அந்த இடத்தில்தான் பேசுகிறார். பேரத்திலிருந்து நியாயத்தைப் பிறப்பித்தால், பேரம் பேச முடியாதவனுக்குக் கிடைப்பது இரக்கம்தான். ஹரிஜன சேவை என்று நாம் பார்த்ததெல்லாம் அந்த இரக்கம்தானே.

இதைச் சரிக்கட்டப் பார்த்தவர்களும் உண்டு. டேவிட் காத்தியர் 1986இல், அடுத்தவன் நிலையைக் கெடுத்துத் தன் நிலையை உயர்த்திக்கொண்டவன் அந்த உயரத்தில் நின்று பேரம் பேசக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். நல்ல நிபந்தனை. அதன்படி பார்த்தால் கட்டுப்பாட்டு மிரட்டல் கணக்கில் சேராது. ஆனால் நெல்லுக்குச் சொந்தக்காரன் எப்படி ஆண்டை ஆனான் என்ற கேள்வியும் சேர்ந்து வரும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையும், அதையடுத்து வந்த பஞ்சமி நிலமும், அந்த நிலம் எப்படி எப்படியெல்லாம் கைமாறியது என்பதும் வரும். அவ்வளவு தூரம் நிபந்தனையை யார் பின்னோக்கி நடத்துவார்கள்?

நடத்தச் சொன்னவர்கள் இருந்தார்கள். 1928இல் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கரும் ஓர் உறுப்பினர். 1930இல் வந்த அதன் அறிக்கை, தீண்டப்படாதவர்கள் நிலம் வாங்கினாலோ, நல்ல துணி உடுத்தினாலோ, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றினாலோகூட ஊர் வழியை அடைக்கிறது, கடையை அடைக்கிறது என்று பதிவு செய்தது. அதே வருஷம் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் கூட்டாகக் கொடுத்த கோரிக்கைப் பட்டியலில், சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வேண்டும் என்று தனியாக ஒரு பகுதி இருக்கிறது. பர்மாவில் 1922இல் வந்த புறக்கணிப்பு எதிர்ப்புச் சட்டத்தைப் பார்த்து வாசகத்தை அமைத்தார்கள். 1947இல் அம்பேத்கர் எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' நூலிலும் அது திரும்ப வருகிறது. வாக்குரிமை, இடஒதுக்கீடு பற்றிப் பேசுகிற நாம் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு இதுதான் அந்தப் பட்டியலின் உயிர் என்று படுகிறது. பேரத்தில் நல்ல பங்கு கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. பேரம் முறிந்தால் நான் எங்கே விழுவேன் என்பதை முதலில் மாற்று என்று கேட்டார்கள். நாஷின் கணக்கு வருவதற்கு இருபது வருஷம் முந்தி, அந்தக் கணக்கில் எந்த எண்ணில் கை வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அது நடக்காததற்கு என்ன விலை என்பதை 1932 செப்டம்பர் காட்டியது. தாமஸ் ஷெல்லிங் என்ற அறிஞர் 1960இல் எழுதிய நூலில், தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறவன்தான் பேரத்தில் வலுவானவன், ஏனென்றால் விட்டுக்கொடுக்கும் பாரம் முழுக்க எதிராளி மேல் விழுகிறது என்று விளக்கினார். சாகும்வரை உண்ணாவிரதத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் நான் படித்ததில்லை. செப்டம்பர் 20இல் எரவாடா சிறையில் காந்தி தொடங்கினார். 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 71 தனித்தொகுதி இடங்கள் 148 பொதுத்தொகுதி இடங்களாக மாறின. எண்ணிக்கை இரட்டிப்பானது, தேர்ந்தெடுக்கும் கை மாறிப்போனது. காந்தி செத்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அம்பேத்கருக்குத் தெரியும். இந்த உண்ணாவிரதம் தீண்டப்படாதவர்கள் மேல் பயங்கரத்தைத்தான் ஏவிவிடும் என்று அது தொடங்குமுன்பே அறிக்கை விட்டிருந்தார். சிறைக்குள் ஒரு உயிர், வெளியே லட்சக்கணக்கான குடிசைகள். கையெழுத்துப் போட்டதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் அந்தக் குடிசைகளில் ஒன்றில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955 தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் புறக்கணிப்பைக் குற்றம் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை. தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையைப் பயன்படுத்தியதற்காகப் புறக்கணித்திருக்க வேண்டும். கிணற்றில் தண்ணீர் எடுத்ததற்காக என்றால் வழக்கு நிற்கும். கூலி அரைப்படி கூட்டிக் கேட்டதற்காக என்று ஊர் சொல்லிவிட்டால்? கீழத்தஞ்சையில் அரைப்படி நெல்லுக்காகத் தொடங்கிய சண்டைதான் 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்ததில் முடிந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் கட்டுப்பாட்டுக்கென்று தனி வாசகம் இல்லை. 2015இல் செய்து 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு விதிப்பதும், விதிப்பேன் என்று மிரட்டுவதும் குற்றம் என்று வந்தது. லண்டனில் கேட்டதற்கு எண்பத்தைந்து வருஷம் கழித்து. மிரட்டலையும் சேர்த்தது முக்கியம், அந்தப் பத்து மரக்கால் மிரட்டலில்தான் போனது.

சட்டத்துக்குக் காத்திருக்காமல் எங்கள் சனங்கள் அந்த எண்ணைத் தாங்களே மாற்றிக்கொண்டது தனி வரலாறு. நெய்வேலிச் சுரங்கத்தின் ஒப்பந்தக் கூலி, சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டு, சென்னைக் கட்டிட வேலை, திருப்பூர், கேரளா, ரேஷன் கடை அரிசி, 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் என்று ஒவ்வொன்றும் பேச்சு முறிந்தால் விழுகிற பள்ளத்தை ஒரு முழம் மேலே தூக்கியது. வெளியில் முப்பது மரக்கால் கிடைக்கிற ஆளோடு பேசும்போது ஆண்டைக்கு அறுபத்தைந்து, ஆளுக்கு முப்பத்தைந்து என்று கணக்கே மாறும். மளிகைக்கடைக்காரர் மகனின் கடை இன்றைக்கு எங்கள் சேரிப் பணத்தில்தான் ஓடுகிறது. 'வாங்க அண்ணே' என்று கூப்பிடுகிறார்.

பசியை வைத்து மிரட்ட முடியாமல் போனபோது ஊர் என்ன செய்தது என்று கேட்டால் அதற்கும் தேதிகள் இருக்கின்றன. 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் நடந்த வன்னியர் சங்கச் சாலை மறியலின்போது, அந்தக் கோரிக்கைக்கும் சேரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதபோதும், தென்னாற்காட்டில் சேரிக் குடிசைகள் கொளுத்தப்பட்டன. கட்டுப்பாட்டுக்கு ஊர் முழுக்க ஒத்துழைக்க வேண்டும், ஒருவன் திருட்டுத்தனமாக விற்றாலும் ஓட்டை. தீக்கு நாலு பேர் போதும். எங்கள் பக்கத்துச் சேரிகளில் கையில் கொஞ்சம் காசு வந்த வீடுகள் முதலில் நிலம் வாங்கவில்லை, நகை வாங்கவில்லை. கீற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு வட்டிக்கு வாங்கியாவது தளம் போட்டார்கள். வெள்ளாற்று மணலும் நெய்வேலிக் கூலியும் சேர்ந்த அந்த மெத்தை வீடுகளை, சொந்த பந்தம் வந்தால் இன்றைக்கும் ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த வருஷம் போட்டது என்று சொல்கிறார்கள்.